புகை வந்தால் சம்மதம்

வாரத்தில் ஒரு மணி நேரம் என் வீட்டில் நான் ராஜாவாக இருப்பது என்று தீர்மானித்தேன். மீதி நூற்று அறுபத்தேழு மணி நேரத்தைப் பற்றி எனக்குப் பேராசை கிடையாது.

லிஃப்ட் கம்பெனியில் எனக்குப் புகார்ப் பிரிவு. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் போனில் என்னைத்தான் திட்டுவார்கள். நான் "சரிங்க, சரிங்க" என்பேன். மாலையில் வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான், ஆள்தான் வேறு. இப்படி இருக்கையில் எங்கள் மேலாளர் இதய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், இருபத்தைந்து சுருட்டு அடங்கிய மரப்பெட்டி ஒன்றை என் மேஜையில் வைத்தார். "நீங்க அனுபவிங்க" என்றார். என் இதயத்தைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

அலுவலகத்தில் புகார், வீட்டில் புகை. பொருத்தமாகத்தான் பட்டது.

எதிர்வீட்டுக்காரர் முப்பது வருஷம் கப்பலில் சாப்பாடு பரிமாறியவர். 'கேப்டன்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவரை அழைத்துப் பெட்டியைக் காட்டினேன்.

"இழுத்துட்டு வீசறதுக்கு இது பீடி இல்ல சார். பெட்டிக்குள்ள ஈரப்பதம் எழுபது சதவீதம் நிக்கணும். குறைஞ்சா சருகாயிடும். கூடினா பூஞ்சை பிடிக்கும்."

"பிடிக்கறது எப்படி?"

"நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. நடுவுல பேச்சு கூடாது. பேசினா அணைஞ்சிடும். திரும்பப் பத்த வச்சா கசக்கும். சாம்பலைத் தட்டாதீங்க. அது எவ்வளவு நீளமா நிக்குதோ அவ்வளவு கவுரவம்."

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தினாள்.

"நிமிஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் இழுத்தே ஆகணுமா?"

"கட்டாயம்மா."

"தலையை ஆட்டினா?"

"சாம்பல் விழுந்துடும்."

"ஓ" என்றாள். மறுபடி துணி மடிக்கப் போய்விட்டாள். வீட்டில் புகையா, குழந்தை குட்டி இல்லாவிட்டாலும் திரைச்சீலை இருக்கிறதே என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். எந்த மருந்துக்கு எத்தனை குளிர், எந்த மாத்திரைக்கு எத்தனை வறட்சி என்று பார்ப்பதுதான் வேலை. நான் வாங்கி வந்த ஈரப்பத மீட்டரை அவள் நம்பவே இல்லை. ஒரு பாட்டில் மூடியில் உப்பை வைத்தாள். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். மூடியையும் மீட்டரையும் ஒரு டப்பாவுக்குள் இறுக மூடி வைத்தாள். மறுநாள் மாலை திறந்து பார்த்தாள்.

"எழுபத்தஞ்சு காட்டணும். எழுபத்தொண்ணு காட்டுது. உங்க மீட்டர் நாலு குறைச்சுச் சொல்லுது."

பத்தொன்பது வருஷத்தில் நான் அவளிடம் ஒரு பொய்யில் கூடத் தேறியதில்லை. மீட்டர் மட்டும் தேறிவிடுமா?

காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு நோட்டில் தினமும் அளவு எழுதினாள். சாவி அவள் கைப்பைக்குள் போனது. மூன்று வாரம் ஊற வேண்டும் என்றாள். ஊறினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, பால்கனியில் பிரம்பு நாற்காலி. நாக்கில் மரப்பட்டையும் காபியும் லேசாக மிளகும். மெய்மறந்து அதன் மணத்தை ஒரு நிமிஷம் வர்ணித்தேன். அணைந்துவிட்டது. திரும்பப் பற்றவைத்தேன். தீப்பிடித்த மெத்தையை நக்கினாற்போல் இருந்தது. இனி வாயைத் திறப்பதில்லை என்று சபதம் செய்தேன்.

அடுத்த ஞாயிறு, அவள் ஒரு ஸ்டூலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பிக்கு இங்க வேலை கிடைச்சிருக்கு. வீடு பார்க்கற வரைக்கும் நம்ம சின்ன ரூம்ல இருக்கட்டுமா?"

சின்ன ரூம் என்பது என் ரூம். என் மேஜை, என் ரேடியோ, சண்டை வந்தால் போய்ப் படுக்கும் என் கட்டில் எல்லாம் அங்கேதான். வாயைத் திறந்தேன். நுனியில் நெருப்பு மங்கியது. மூடிக்கொண்டேன். தலையை ஆட்டப் போனேன்.

"ஆட்டாதீங்க. சாம்பல் ஒரு அங்குலம் நிக்குது. பார்க்க எவ்வளவு அழகா இருக்கு."

ஒரு நிமிஷம் ஆயிற்று. வேறு வழியில்லை. இழுத்தேன், விட்டேன். புகை வந்தது.

"சரி" என்று எழுதிக்கொண்டாள்.

சுருட்டு தீர்ந்த பிறகு, "என்ன எழுதினே?" என்று கேட்டேன்.

"ஈரப்பதம் எழுபது. சம்மதம் ஒண்ணு."

ஆறு வாரத்தில் சம்மதம் பதினாலு ஆயிற்று. சின்ன ரூமில் மச்சினன். அவன் பாக்கெட்டில் என் பைக் சாவி. ஹால் சுவருக்குக் கிளிப்பச்சை. மச்சினன் கிளாரினெட் வேறு கற்றுக்கொள்கிறான், கற்றுக்கொண்டே இருப்பான். சுருட்டு பிடித்தவன் நான், சுருட்டியவள் அவள்.

"நடுவுல பேச ஒரு வழியும் இல்லையா கேப்டன்?" என்று கேட்டேன்.

அவர் தன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வழி இருந்தா நான் ஏன் சார் முப்பது வருஷம் கப்பல்லயே கிடந்தேன்?"

அந்தச் சனிக்கிழமை சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. "இன்னும் ஆறு மாசம் இருடா. நாளைக்கு அத்தான்கிட்ட கேட்டுடறேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு சுருட்டைப் பலி கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஞாயிறு காலை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தேன். முடியாது. கொஞ்சம் கனமாக, முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முடியாது.

மாலை அவள் வந்து உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தாள். என் முகத்தை வழக்கத்தைவிடச் சற்று நேரம் கூடவே பார்த்தாள். நோட்டை மூடிவிட்டாள்.

"தம்பி பெட்டி கட்டிட்டான். இன்னைக்கே கிளம்பறேங்கறான். அனுப்பிடலாமா?"

அவள் கேட்டதை உங்களுக்காக முழுசாகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் காதில் விழுந்தது 'தம்பி' மட்டும்தான். சுருட்டை வாயிலிருந்து எடுத்தேன். ஒன்றரை அங்குலச் சாம்பலைத் தரையில் தட்டினேன்.

"முடியாது. ஒருநாளும் முடியாது. இது என் வீடு. இங்க நான் சொல்றதுதான் நடக்கும்."

அவள் ஹால் பக்கம் திரும்பினாள். "கேட்டியாடா? அத்தான் உன்னை அனுப்பவே மாட்டாராம்."

மச்சினன் பால்கனி வாசற்படியில் பெட்டியோடு நின்றான். கண் கலங்கியிருந்தது. "நான் பாரமா இருக்கேனோன்னு நினைச்சுட்டேன் அத்தான்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அப்புறம் பெட்டியைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு சின்ன ரூமுக்குள் போனான். பெட்டிக்குள் ஒரு கைக்குட்டை இருந்திருந்தால் அதிகம். இரண்டு நிமிஷத்தில் கிளாரினெட் ஆரம்பித்தது.

நான் கையில் அணைந்த சுருட்டோடு நின்றேன். அவள் துடைப்பத்தை எடுத்து வந்து சாம்பலைக் கூட்டினாள்.

"காலையில குளிக்கறப்போ சொன்னதைவிட இப்ப நல்லாவே வந்துச்சுங்க" என்றாள்.