ஆறு ஊசிப் பிளக்கும் ஓர் ஆகாய விமானமும்

போடிநாயக்கனூர்,
25-1-1984

சிங்கப்பூரில் சீரோடு வாழும் மருமகன் ராஜாராமுக்கு, உன் தாய்மாமனும் இந்த ஜில்லாவின் முதல் விமானியுமான சோலைமலை ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அத்தை மொக்கம்மாளும் இரண்டு எருமைகளும் உன் விமானமும் நலம். விமானத்தின் நலத்தை முதலிலேயே சொல்லிவிட்டதால் நீ தைரியமாக மேலே படிக்கலாம்.

மாசிக்குள், தரையில் நின்று ஓட்டுவதற்கான இரண்டு ரேடியோப் பெட்டிகளையும் இணைக்கும் வயரைச் செய்து, நீ விட்டுப்போன அந்தப் பொம்மை விமானத்தை முறைப்படி ஓட்டிக் காட்டாவிட்டால், மதுரையிலிருக்கும் உன் சிநேகிதர் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு மூன்று நாள் நான் சாப்பிடவில்லை, பலகாரம் மட்டும்தான். உத்திரத்தில் தொங்கும் அதன் சிறகுக்குக் கீழே தினமும் கட்டிலைப் போட்டுக் கண்ணை மூடினால், நான் பாட்டுக்குக் குரங்கணி மலைக்கு மேலே, பஞ்சு மாதிரி மஞ்சுக்குள்ளே, ஏலக்காய் வாசத்தில் மிதந்துகொண்டிருப்பேன். அப்படி மிதக்கிறவனிடமிருந்து சிறகைப் பிடுங்கலாமா மாப்ளே?

ஆகவே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரேடியோ ரிப்பேர்க் கடை கமருதீனிடம் ஓடினேன். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி, எது குரு எது சிஷ்யன் என்பதை வயர்தான் தீர்மானிக்கும், குரு தன் பித்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் சிஷ்யன் பேச்சைக் கேட்கும், விட்டால் குருவிடமே திரும்பிவிடும் என்று நீ சொன்னதை அவனுக்கு வேதாந்தம் போல விளக்கினேன். பெட்டிகளோ பழையவை, பிளக்கின் ஆறு ஊசியில் எது பேசும் எது கேட்கும் என்பது செய்தவனுக்கே மறந்திருக்கும். நல்லவேளையாக நீ விட்டுப்போன புத்தகத்தில் பிளக்கின் படம் இருந்தது. கமருதீன் ஒவ்வோர் ஊசியையும் டார்ச் பல்பு வைத்துப் பதினோரு நாள் விசாரித்தான். அவன் உருக்கிய ஈயத்தில் ஒரு கோயில் மணி வார்க்கலாம். "அண்ணே, படத்துல உள்ளபடியே அச்சு அசலாப் பத்தவச்சிட்டேன். இனி நீங்க கேரளாவுல நின்னுக்கிட்டுக்கூட ஓட்டலாம்" என்றான்.

போன ஞாயிறு சிலமலையில் நிலக்கடலை எடுத்த காட்டுக்குப் போனோம். தரையில் வைத்து, பெட்டிக் குச்சியை ஆட்டினால் அதற்கேற்றபடி வால் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். ஆனால் நாலரைக்கு ராகுகாலம். மணியோ நாலு இருபத்தெட்டு. "வால் ஆடுறத மேல போயி பாத்துக்கிருவோம், வெரசா விடுப்பா" என்றேன். குருப்பெட்டி என் கையில், சிஷ்யப்பெட்டி உன் அத்தை கையில். கமருதீன் காற்றாடியைச் சுழற்றி, ஓடிப்போய் வீசினான்.

அது எழும்பியது பார், மாப்ளே, சொல்ல வார்த்தையில்லை. பொன்வண்டு போல முனகிக்கொண்டு, வெயில் சாய்கிற பக்கமாக மலைச்சரிவைத் தடவிக்கொண்டு போனது. நான் இடப்பக்கம் திருப்பினேன். என் மனதின் ஆழத்தைப் புரிந்துகொண்டு அது வலப்பக்கம் போனது. கீழே இறங்கு என்றேன். பணிவோடு மேலே ஏறியது.

"என்னங்க, நீங்க ஒண்ணு திருப்புறீக, அது ஒண்ணு திரும்புதே?"

"அது மலைக்காத்து. உனக்குத் தெரியாது, சும்மா நில்லு."

"நான் எங்க சும்மா நிக்கேன், குச்சிய ஆட்டிக்கிட்டுல்ல இருக்கேன்."

"ஆட்டிக்க, ஆட்டிக்க. பித்தான நான் அமுக்குனாத்தான் உனக்கு வேலை."

பெருந்தன்மையாகக் கொஞ்ச நேரம் அமுக்கவும் செய்தேன். ஏலக்காய் ஸ்டோரில் நாளெல்லாம் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற அவள் விரலுக்கு என்ன தெரியும் என்று பயந்தேன். ஒரு குலுங்கல்கூட இல்லை. கடைசியில் எண்ணெய் தீர்ந்து சத்தம் நின்றது. அந்த அமைதியில் விமானம் ஒரு நாரையைப் போல வட்டமிட்டு, சோளத்தட்டை அடுக்கிய படப்பின்மேல் வந்து படுத்துக்கொண்டது. ஒரு கீறல் இல்லை. பக்கத்துக் காட்டில் வேலை செய்தவர்கள் எல்லாரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னைக் கும்பிட்டார்கள். நாலு பேர் என்றால் நீ நம்பமாட்டாய், நானூறு என்று வைத்துக்கொள்.

இப்படியொரு கைதேர்ந்த விமானி இருக்கும் வீட்டுக்குச் சிநேகிதரை அனுப்பி அவமானப்படுத்த வேண்டாம். மலையும் மஞ்சும் உன்னைக் காக்கட்டும், கடல் தாண்டியும் உனக்குக் காரம் குறையாத குழம்பு கிடைக்கட்டும்.

அன்புள்ள தாய்மாமன்,
கேப்டன் சோலைமலை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கமருதீன் வந்தான். "அண்ணே, தப்பா நெனைக்காதீக. படம் பிளக்கோட மூஞ்சியப் பாத்துப் போட்டது. நான் முதுகுப் பக்கம் அப்படியே பத்தவச்சிட்டேன். இடம் வலமாகி, குருவும் சிஷ்யனும் மாறிப்போச்சு. நீங்க வச்சிருந்தது சிஷ்யப்பெட்டி. மதினி பித்தானத் தொடவே இல்ல, அதனால முழுக்க ஓட்டுனது அவுகதான்" என்றான். ஆகவே மேலே 'நான்' என்று வரும் இடங்களில் 'அத்தை' என்று படித்துக்கொள். 'கேப்டன்' என்பதை அடித்துவிடு. சிநேகிதரை மட்டும் அனுப்பாதே, விமானி இந்த வீட்டில்தான் இருக்கிறாள். வயரைத் திருத்தவா என்று கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். பித்தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவளிடம் தணிவாகக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவளாகப் பார்த்து அமுக்கினால் என் கைக்கும் கொஞ்சம் வானம் கிடைக்கும்.