டெக்கில் கட்டிய மாலை

ரெட்டியார்சத்திரத்துக்கு வெளியே இருந்த அந்தக் காலேஜ் கேட்டைத் தாண்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். இருபதடி பின்னால் ஒரு டூல்ஸ் பெட்டி கடகடவென்று சத்தம் போட்டபடி வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அடித்திருப்பேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ முதலாளிகளைத் திட்டியவன் நான். ஆனால் இந்தப் பூமியிலேயே நான் அதிகம் திட்டிய ஆள், அந்தப் பெட்டியைத் தூக்கி வந்த கழட்டுதான்.

அவனுடைய நிஜப்பேர் யாருக்கும் தெரியாது. மின்விசிறி முனகுகிறதா, கழட்டு என்பான். குழாய் ஒழுகுகிறதா, கழட்டு என்பான். ஒருநாள் குக்கர் சரியாக விசில் அடிக்கவில்லை என்று மெஸ் மாஸ்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் ஹாஸ்டல் முழுக்கத் தயிர்சாதம். சாம்பார் வைக்கவேண்டிய குக்கர் பதினேழு துண்டாகக் கோணிமேல் கிடந்தது.

காலேஜில் புல் வெட்டும் வண்டி ஒன்று இருந்தது. டிராக்டர் பெற்ற குட்டி மாதிரி இருக்கும். மேலே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். வயிற்றுக்கு அடியில் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்பு மூடி தொங்கும். அதற்கு டெக் என்று பேர். அதற்குள்ளேதான் முழ நீளத்தில் இரண்டு பிளேடுகள் சுற்றும். ஓட்டுவது என் வேலை, பராமரிப்பு அவன் வேலை. நான் ஓட்டிய நேரத்தைவிட அவன் கழட்டிப் போட்டிருந்த நேரம்தான் அதிகம்.

வாரம் இரண்டு தடவை டெக்கை இறக்கி, உள்ளே அடையாக ஒட்டிய ஈரப்புல்லை என்னைச் சுரண்ட வைப்பான். சாணை பிடித்த பிளேடை, நடு ஓட்டை வழியாகச் சுவர் ஆணியில் மாட்டுவான். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை அரத்தால் ராவுவான். இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறவரை விடமாட்டான். எனக்கோ பசியில் உயிர் போகும்.

"இம்புட்டு எதுக்குப்பா? மாப்பிள்ளைக்கா சவரம் பண்ணப் போறோம்?"

"யோவ் அண்ணே, ஒரு பக்கம் கனமா இருந்தா பேரிங் போயிரும். பேரிங் போனா டெக் ஆடும். புல்லு படிக்கட்டு மாதிரி வெட்டும். அப்ப சேர்மன் ஒன்னையவா புடிப்பாரு? என்னையத்தான்."

இத்தனைக்கும் என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவன். அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. டெக்கில் கை வைக்கும் முன் வண்டிச் சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வான். இஞ்சின் பிளக் வயரைப் பிடுங்குவான். பிறகு நான் அவன் எதிரில் நின்று என் விரல்களை எண்ணிக் காட்டவேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணவேண்டும். பிள்ளைகள் வகுப்பு ஜன்னலில் நின்று கோரஸாக என்னோடு சேர்ந்து எண்ணும்.

பொறுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் எட்டு மாதம் ஒரே இடத்தில் நான் தங்கியது அங்கேதான். "ஆயுத பூஜைக்கு மறுநா சேர்மன் வாராரு. புல்லு கம்பளம் மாதிரி இருந்தா ஒன்னைய நிரந்தரம் பண்ணிர்றேன்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். எனக்கென்று ஒரு ரூம், மூன்று வேளைச் சோறு. கனவிலும் புல் வெட்டினேன்.

பூஜையன்று கழட்டு சித்தையன்கோட்டைக்கு, மாமியார் வீட்டுக்குப் போனான். சாவியை என்னிடம் கொடுக்கும்போது, "சந்தனம் வை, குங்குமம் வை. டெக்குல மட்டும் மாலையக் கட்டிராதண்ணே" என்றான். சாமி விஷயத்திலும் இவன் உத்தரவா? எனக்கு ஆத்திரம். சூப்பர்வைசர் தந்த செண்டுமல்லி மாலையை டெக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். சூடம் காட்டியானது. சூப்பர்வைசர் ஏறி உட்கார்ந்து, "எல்லாம் ஒருவாட்டி சுத்தட்டும்" என்று பிளேடையும் ஓடவிட்டார். மாலை உள்ளே போனது. பூ அவ்வளவும் வெளியே பறந்தது. அதைக் கட்டியிருந்த நைலான் நூல் மட்டும் வரவில்லை. பிளேடு அதில் சிக்கி அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வண்டியின் முன்சக்கரத்தைச் சிமெண்டுச் சரிவில் ஏற்றி நிறுத்தினார். இறங்கவில்லை. இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

"பிளேடு லீவரை ஆஃப்ல போட்டுட்டேன். கைய விட்டு நூலை அறு."

"இஞ்சினையும் நிறுத்திருங்க சார்."

"பேட்டரி வீக்கு. நிறுத்துனா அப்புறம் ஒன் அப்பனா வந்து தள்ளுவான்? வேலை வேணுமா, வேணாமா?"

வேணும். மல்லாந்து படுத்து, கத்தியோடு கையை நீட்டினேன். யாரோ என் இரண்டு காலையும் பிடித்து விருட்டென்று இழுத்தார்கள். முதுகுத் தோல் சிமெண்டிலேயே தங்கிவிட்டது. பார்த்தால் கழட்டு, மாமியார் வீட்டு வெள்ளை வேட்டியோடு.

"விரலை எண்ணு!"

"அட விடுறா! செத்த நேரத்துல முடிச்சிருப்பேன்."

"நான்தான் ஆஃப்னு சொல்றேன்ல!" என்று சூப்பர்வைசர் மேலிருந்து கத்தினார்.

கழட்டு தென்னையில் சாத்தியிருந்த தொரட்டியை எடுத்தான். பத்தடி மூங்கில், நுனியில் அரிவாள். என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, எட்ட நின்று டெக்குக்குள் நீட்டி நூலை ஓர் இழுப்பு இழுத்தான்.

நூல் அறுந்ததுதான் தாமதம், பிளேடு ஊளையிட்டுச் சுற்றியது. லீவர் ஆஃபில்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்து பிளேடுக்குப் போகும் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்து அசையாததால், இஞ்சின் பிளேடை முறுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இவ்வளவு நேரம் பிளேடைப் பிடித்து வைத்திருந்தது அந்த மாலை நூல் ஒன்றுதான். மூங்கிலில் இரண்டு முழம் தூளானது. அரிவாள் பறந்துபோய், சூப்பர்வைசரின் சந்தனப் பொட்டு வைத்த புது பைக் சீட்டில் குத்தி, ஆபீசுக்குக் கிளம்பிய ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்பு. என் கையைவிட பைக் சீட்டு பெரிதாகத் தெரிந்த அந்த மனுஷனுக்கு அது எங்கே புரியப்போகிறது?

"ரெண்டு பேரும் வெளிய போங்கடா!"

பஸ் ஸ்டாப் வந்ததும் பின்னால் பெட்டிச் சத்தம் நின்றது.

"அண்ணே, கோவமா?"

"பேசாத. ரூமு போச்சு, சோறு போச்சு. வாயால சொல்லியிருந்தா போதாதா?"

"சொல்லித்தானே போனேன், மாலையக் கட்டாதேன்னு. கேட்டியா? சரி, விரலை எண்ணு."

"போடா!"

நான் எண்ணவில்லை. அவன் பஸ் ஏறும்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை எரியோடு ஊர்ப் பக்கம் ஒரு மாட்டுப்பண்ணையில் வேலை கிடைத்தது. சோளத்தட்டை வெட்டும் மெஷின் அடைத்துக் கிடந்தது. "கைய விட்டு எடுத்துரு அப்பு" என்றார் பண்ணைக்கார அம்மா. நான் மெயின் பெட்டியைத் திறந்து, ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தேன்.

"எதுக்குப்பா இம்புட்டு?"

"கழட்டணும்மா."

வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தது. எண்ணிக் காட்டத்தான் ஆளில்லை.