அல்ஃபேயோஸ் நதியாரின் ஒப்பற்ற காதல்

இந்தப் பூமியில் இதுவரை காதலித்தவர்களை வரிசையாக நிற்கவைத்தால், முதல் ஆளாக நிற்கவேண்டியவர் எலிஸ் நாட்டு அல்ஃபேயோஸ் நதியார்தான். இதை மறுத்தவர் எவரும் கிடையாது. சொன்னவரும் ஒரே ஒருவர்தான். அவர் அல்ஃபேயோஸ் நதியார்.

நதியாரின் பெருமைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒலிம்பியாவில் தெய்வங்களின் தலைவருக்குப் பலிபீடம் இருக்கிறதே, அது கல்லால் கட்டியதல்ல, சாம்பலால் எழுப்பியது. வருஷம் முழுவதும் பலி கொடுத்துச் சேர்ந்த சாம்பலை இளவேனிலில் ஒருநாள் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பீடத்தின்மேல் பூசுவார்கள். அந்தச் சாம்பல் அல்ஃபேயோஸ் தண்ணீரில் குழைத்தால்தான் ஒட்டும். வேறு எந்த ஆற்றுத் தண்ணீருக்கும் அது மசியாது. ஆகவே அன்னார் மேற்படி "பூச்சுப் பணி"யின் நிரந்தரப் பொறுப்பாளர். இது போக, ஆகியாஸ் மன்னரின் தொழுவத்தில் முப்பது வருஷமாக யாரும் அள்ளாமல் மலையாகக் கிடந்த சாணத்தை ஒரே நாளில் அடித்துக்கொண்டு போனவரும் அவரே. யாரோ ஒரு பலசாலி வந்து கரையை உடைத்துத் திருப்பிவிட்டதால்தான் போனார் என்று சிலர் சொல்வார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்.

இவ்வளவு இருந்தும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், தகுதியான பெண் இன்னும் வந்து சேரவில்லை என்பார்.

ஒரு கோடைக்கால மத்தியானம் வந்து சேர்ந்தாள். பெயர் அரெத்தூசா. வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் கூட்டத்துப் பெண். அந்தக் கூட்டத்தில் சேருகிறவர்கள் கல்யாணமே வேண்டாம் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் சேருவார்கள். விடிந்ததிலிருந்து ஒரு மானைத் துரத்திக் களைத்துப் போயிருந்தவள், தெளிந்த தண்ணீரைக் கண்டாள், துணிகளை அலரிக் கிளையில் போட்டாள், இறங்கினாள்.

நதியாருக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. எத்தனையோ நதிகள் இருக்க, இவள் ஏன் நம் நதியில் இறங்கவேண்டும்? சுற்றுவட்டாரத்தில் வேறு நதி இல்லை என்பது வெறும் பூகோளம். காதலில் பூகோளத்துக்கு என்ன வேலை?

அவர் இடுப்பளவுக்கு எழுந்தார். தாடியிலிருந்து இரண்டு கெளுத்திகளை எடுத்து அப்பால் விட்டார்.

"வந்துட்டியா?" என்றார்.

"குளிக்கத்தான் வந்தேன்," என்றாள் அரெத்தூசா.

"தெரியும். எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"எல்லாரும்னா யாரு?"

நதியார் யோசித்துப் பார்த்தார். இதற்கு முன் அவரிடம் குளிக்க வந்தவை மாடுகள். அவை எதுவும் சொன்னதாக ஞாபகமில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் துணியைக்கூட எடுக்காமல் எதிர்க்கரையில் ஏறி ஓடத் தொடங்கியிருந்தாள்.

பெண் ஏன் ஓடுகிறாள் என்பதற்கு நதியார் மூன்று காரணங்களைக் கண்டறிந்தார். ஒன்று, வெட்கம். இரண்டு, தம்மைச் சோதிக்கிறாள். மூன்று, அவளுக்கு ஓடப் பிடிக்கும். தம்மைப் பிடிக்கவில்லை என்ற நான்காவது காரணம் அவருடைய ஆய்வுக்கே வரவில்லை. கரையை விட்டு எழுந்து, ஆள் உருவம் எடுத்து, பின்னாலேயே ஓடினார். மலை ஏறி இறங்கினார்கள். வழியெல்லாம் அவள் "ஆர்ட்டெமிஸ் தாயே, காப்பாத்து" என்று கத்திக்கொண்டே போனாள். கல்யாணத்துக்கு முன்பு தெய்வத்தை அழைப்பது நல்ல வளர்ப்பின் அடையாளம் என்று நதியார் மனதுக்குள் பாராட்டிக்கொண்டார்.

தேவி வந்தாள். அரெத்தூசாவை மேகத்தால் போர்த்தினாள். நதியார் போகவில்லை. மேகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "நான் இங்கதான் இருக்கேன், அவசரமில்ல" என்று ஆறுதல் சொன்னார். உள்ளே இருந்தவளுக்குப் பயத்தில் வியர்த்துக் கொட்டியது. தலைமுடியிலிருந்து சொட்டியது, விரல் நுனியிலிருந்து சொட்டியது. சொட்டிச் சொட்டிக் கடைசியில் அவளே தண்ணீராகிவிட்டாள். தேவி தரையைப் பிளந்தாள். அரெத்தூசா அந்தப் பிளவுக்குள் பாய்ந்து, கடலுக்கு அடியிலே போய், சிசிலிக் கரையில் ஒர்த்தீகியா என்ற தீவில் ஊற்றாக எழுந்தாள்.

நதியார் அப்படியே உருகிப்போனார். ஒலிம்பியாவில் அவரோடு வந்து சேரும் கிளாதேயோஸ் என்னும் ஓடையிடம் ஓடிவந்து மூச்சு வாங்கினார். கிளாதேயோஸ் ஒரு நடுத்தர வயது ஓடை. அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

"பாத்தியாடா? எனக்காகத் தண்ணியாவே மாறிட்டா."

"அண்ணே, அவங்க உங்ககிட்டேருந்து தப்பிக்க..."

"பொம்பளை மனசு உனக்கு எங்க தெரியப்போவுது. நான் போய்க் கலந்துட்டு வந்துடறேன். ஆத்துப் பொறுப்பை நீ பாத்துக்க."

கலப்பது என்றால் சாதாரண விஷயமல்ல. நதிகளின் வழக்கப்படி இரண்டு தண்ணீர் கலந்துவிட்டால் கல்யாணம் முடிந்ததாக அர்த்தம். சாட்சி வேண்டாம், சடங்கு வேண்டாம், சம்மதமும் வேண்டாம். மிகவும் வசதியான வழக்கம். நதிகளே கூடி ஏற்படுத்தியது.

"அப்படிப் பாத்தா, அண்ணே," என்று கிளாதேயோஸ் தயங்கினான், "நான் தினமும் வந்து உங்ககூடத்தான் கலக்கறேன்..."

"வாயை மூடு," என்றார் நதியார்.

அந்த மத்தியானம் போனவர் எட்டு மாதம் திரும்பவில்லை. எலிஸ் நாட்டின் பெரிய ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. கடலுக்கு அடியில் அத்தனை தூரம் போயும் ஒரு துளி உப்புகூடத் தம்மேல் படவிடவில்லை என்பதை நதியார் பிற்காலத்தில் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் சொல்லிவந்தார். அவருடைய கற்பு அப்படிப்பட்டது.

இதற்குள் பூச்சுப் பணி நாள் வந்துவிட்டது. ஒலிம்பியாவின் பூசாரி மெலாஸ் குடத்தோடு ஆற்றுக்கு வந்தார், மணலைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். கிளாதேயோஸ் பாவம், தன்னால் ஆனது என்று தன் தண்ணீரைக் கொடுத்தான். குழைத்துப் பூசினார்கள். சாம்பல் ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து மெலாஸைக் கழுத்துவரைக்கும் மூடியது. பூசாரி அந்த நிலையிலும் மந்திரத்தை நிறுத்தவில்லை. நடுவில் மட்டும் ஒருமுறை தும்மினார்.

நதிகள் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. தலைமை, பெனேயோஸ் நதியார். "பொறுப்பாளர் பணியிடத்தில் இல்லாமை" என்பது ஒரே பொருள். இரண்டு நாள் ஆழ்ந்து விவாதித்தார்கள். ஆள் இல்லாததைக் கண்டிப்பதா, காதலைப் பாராட்டுவதா என்று கருத்து வேறுபாடு வந்தது. கண்டித்துப் பாராட்டுவதாக ஏகமனதாக முடிவாயிற்று. பாராட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்து ஆளைக் கூட்டிவரும் வேலை கிளாதேயோஸ் தலையில் விழுந்தது.

காய்ந்த ஆற்று வழியே போய், பிளவுக்குள் இறங்கி, கடலடியில் வழி விசாரித்து அவன் ஒர்த்தீகியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, நதியார் ஒரு பாறைக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார். பாறைக்கு அந்தப் பக்கம் அரெத்தூசா. எட்டு மாதமாக இவர் முட்டுகிறார், எட்டு மாதமாக அவள் தன் முழுப் பலத்தோடும் தண்ணீரை எதிர்ப்பக்கம் தள்ளி இவரை ஒரு முழ தூரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள். அந்த ஊற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். தீவில் அதைவிட்டால் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. மீனவர் வீட்டுப் பெண்கள் காலையும் மாலையும் குடம் கொண்டுவந்து மொண்டுபோவார்கள். மைர்த்தோ என்கிற மீன்காரி மொள்ளுவதற்கு முன் ஊற்றைத் தொட்டு, "என்ன தாயி, இன்னும் அந்தாளு போகலியா?" என்று விசாரிப்பாள். அந்தப் பெண்கள் குடிக்கிற தண்ணீர் கெட்டுவிடக்கூடாது. அரெத்தூசாவுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த விருப்பம் அது ஒன்றுதான்.

"அண்ணே," என்றான் கிளாதேயோஸ், "ஒரு தடவையாவது உங்களை வரச்சொல்லி அவங்க சொன்னாங்களா?"

"இதெல்லாமா வாயைத் திறந்து சொல்லுவாங்க?"

"எட்டு மாசமா என்னதான் பேசினாங்க?"

"பேசலை. அதுலதான் ஆழம் இருக்கு."

பூசாரி சாம்பலில் புதைந்த செய்தியைக் கேட்டதும் நதியார் கலங்கினார். கடமை ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு தீர்வு கண்டார். ஒலிம்பியாவில் ஆறாகவும் ஓடுவது, ஓடி முடித்ததும் அப்படியே கடலடியில் வந்து இங்கேயும் முட்டுவது. அன்றைய வேலையை முடித்துவிட்டு நேராகக் காதலுக்கு வருகிற உத்தமர் இவர்தான். இடையில் முகம் கழுவவேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

மெலாஸ் புதிதாகச் சாம்பல் குழைத்தார். ஒட்டியது. எலிஸ் நாடு நிம்மதியாக மூச்சு விட்டது.

அந்தக் கோடையில் ஒலிம்பியாவின் பெருவிழா வந்தது. மல்லர்கள் உடம்பில் எண்ணெய் பூசி, புழுதியில் புரண்டு, சண்டை முடிந்ததும் எண்ணெயும் புழுதியும் வியர்வையுமாக வழித்தெடுத்து ஆற்றில் உதறினார்கள். பார்க்க வந்த கூட்டம் ஆற்றில்தான் எல்லாம் செய்தது. தெய்வத்துக்கு நூறு எருதுகளைப் பலி கொடுத்தார்கள். நூறு எருதுகளின் ரத்தமும், நூறு எருதுகள் கடைசியாகப் போட்ட சாணமும் சரிவில் இறங்கி ஆற்றுக்கு வந்தன. தொழுவம் கழுவிய அனுபவம் உள்ளவராயிற்றே, ஒரு துளி சிந்தாமல் நதியார் அத்தனையையும் அணைத்துக்கொண்டார்.

"சீர் வரிசை," என்று கிளாதேயோஸிடம் பெருமையாகச் சொன்னார். "நாட்டிலேயே பெரிய வீட்டுச் சீர்."

"அண்ணே, இது சாணி."

"தெய்வத்துக்கு வந்த மாட்டோட சாணி."

கிளாதேயோஸையும் இழுத்துக்கொண்டு நூறு எருதின் பலத்தோடு போய் முட்டினார். அன்றைக்குப் பாறை அசைந்தது. அவள் பிடித்து வைத்திருந்த ஒரு முழம் அரை முழமாயிற்று, ஒரு விரற்கடையாயிற்று, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. தண்ணீர் கலந்தது. வழக்கப்படி கல்யாணம் முடிந்தது.

மேலே ஊற்று கருஞ்சிவப்பாகப் பொங்கியது. நதியார் அதைப் பார்த்தார். கண்களில் நீர் மல்கியது. அவரிடம் எப்போதும் இருப்பது அதுதான் என்றாலும், இது வேறு நீர்.

"பாரு, கிளாதேயோஸ்," என்றார் தழுதழுத்து. "என்னைப் பாத்ததும் வெக்கத்துல எப்படிச் செவந்துட்டா பாரு."

கிளாதேயோஸ் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டான்.

குடத்தோடு வந்த மைர்த்தோ மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் ஒரு கல்லை எடுத்து, "யோவ், உனக்கெல்லாம் தண்ணின்னு யாருய்யா பேர் வெச்சது" என்று விட்டெறிந்தாள். கல் நதியார்மேல் விழுந்தது. பெண்வீட்டார் விளையாட்டு என்று அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். பிறகு மைர்த்தோ குரலைத் தாழ்த்தி ஊற்றிடம் பேசினாள்.

"இங்கேருந்தும் எங்கயாவது போயிடேன், தாயி. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கறோம்."

அப்போதுதான் அரெத்தூசா வாயைத் திறந்தாள். தண்ணீராக மாறிய பிறகு அதுதான் முதல் தடவை.

"ஆளா இருந்தேன், ஓடினேன். தண்ணியானேன், மண்ணுக்குள்ள போனேன். கடலையே தாண்டி வந்துட்டேன். இனிமே நான் என்னவா மாறறது, மைர்த்தோ?"

பாறைக்கு அடியில் இருந்த நதியாருக்கும் இது கேட்டது. நாடு கடந்து வந்த கதையை அவள் ஊராரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

நதிகள் சங்கம் மறுபடி கூடியது. கண்டித்த பகுதியைக் குறிப்பிலிருந்து நீக்கி, பாராட்டிய பகுதியைக் கல்லில் வெட்டுவதென்று தீர்மானம் நிறைவேறியது. ஒலிம்பியாவுக்கு வருகிற எல்லாரும் படிக்கும் இடத்தில் கல்லை நட்டார்கள். அல்ஃபேயோஸ் காதலித்தார். நாட்டை விட்டார். மலை கடந்தார். கடலடியில் உப்புப் படாமல் சென்றார். எட்டு மாதம் காத்திருந்தார். கடமை தவறாமல் காதலித்தார். நூறு எருதுகளின் சீரோடு மணம் முடித்தார். சிற்பி ஏழு வரிகளையும் வெட்டி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தான். அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, பெண் என்ன செய்தாள் என்று சொன்னால் அதையும் வெட்டிவிடலாம் என்றான்.

கூட்டம் யோசித்தது. பெனேயோஸ் நதியார் தொண்டையைச் செருமினார். அல்ஃபேயோஸ் நதியார் தாடியைத் தடவினார்.

"ஒருநாள் மத்தியானம் குளிச்சாங்க," என்றான் கிளாதேயோஸ். "அவங்க செஞ்சது அவ்வளவுதான்."

அவனைக் கூட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள். கல்லில் இடத்தைக் காலியாக விட்டால் பார்க்க நன்றாக இராது என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார். சிற்பி தானாகவே ஏதோ வெட்டினான், எல்லாரும் கைதட்டினார்கள். "அவளும் காதலித்தாள்" என்று இருந்தது.

இன்றைக்கும் புதிதாகக் கல்யாணமானவர்கள் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவள் காதலித்தாள் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே ஆதாரம், அன்றைக்கு அந்தக் கல்லில் ஒரு வரிக்கு இடம் மிச்சமிருந்ததுதான்.