நிலாப் படத்துக்குப் பிணையாகப் போன பிரிண்டர்

சந்தேகப்படுவதற்கென்றே மைசூரில் ஒருவர் பிறந்தார் என்றால் அது எங்கள் எதிர்வீட்டு ஒரிஜினல் சார்தான். எங்கள் விஜயநகர் பகுதியில் யாருக்கும் அவருடைய நிஜப்பெயர் தெரியாது. பால் பாக்கெட்டைக் கையில் வாங்கினாலும் "ஒரிஜினலா?" என்பார். நான் ஜுரத்தில் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர், நெற்றியைத் தொட்டுவிட்டு, "ஒரிஜினல் ஜுரந்தாம்மா" என்று என் மனைவிக்கு உறுதி கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊர் ஹெப்பாள் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில், காலமெல்லாம் போலி உதிரிபாகங்களைத் திருப்பி அனுப்பியே ரிடையரானவர். பழகிய கண் சும்மா இருக்குமா? மனிதன் முதன்முதலாக நிலவுக்குப் போன காலத்துப் புகைப்படங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்திலேயே பிரிண்ட் போட்டதாக இருக்க வேண்டும். அதற்கு அடையாளம் மேல் ஓரத்தில் சிவப்பு எண், பின்பக்கம் வெளிறிய ஊதா எழுத்தில் காகிதக் கம்பெனியின் பெயர். இரண்டும் இருந்தாலும் லென்ஸ் வைத்துப் பார்ப்பார், பிறகு முகர்ந்தும் பார்ப்பார்.

"நிலாவுக்குப் போனதே நெஜந்தானா சார்?" என்று ஒருமுறை வாயைக் கிண்டினேன்.

"போனது நெஜம். எனக்கு பிரிண்டு மேலதான் டவுட்டு" என்றார்.

அவருடைய உயிர், நிலவின் விளிம்புக்கு மேலே பூமி எழும்பும் ஒரு படத்தில் இருந்தது. போன தசராவுக்கு முன்னால் கண்புரை ஆபரேஷனுக்காக அவர் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. படத்தைப் பூட்டிய வீட்டில் விட்டால் திருடன் மாற்றிவிடுவான், லாக்கரில் வைத்தால் பேங்க்காரன் மாற்றிவிடுவான். மகளை நம்பலாம், மாப்பிள்ளையை நம்ப முடியாது. மிஞ்சியது நான்.

"உங்க வீட்ல கலர் பிரிண்டர் இருக்குதில்ல?" என்றார்.

"இருக்கு சார்."

"அது நான் வர்ற வரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும். தப்பா நெனச்சுக்காதீங்க. சும்னே, சும்மா ஒரு சேஃப்டிக்கு."

நானே பிரிண்ட் போட்டு மாற்றிவிடுவேன் என்கிறாரா என்று எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அவர் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட படத்தை என் கையில் கொடுத்தார்.

ஆயுத பூஜை வந்தது. என் மனைவி ஸ்கூட்டர், மிக்ஸி, லேப்டாப், கத்தரிக்கோல் என்று எதையும் விடாமல் பொட்டு வைத்தாள். ஹாலுக்கு வந்து பார்த்தேன். படம் உறைக்கு வெளியே கிடந்தது. சிவப்பு எண்ணுக்குப் பக்கத்தில், வெள்ளை ஓரத்தில், சந்தனமும் குங்குமமும்.

"என்ன காரியம் பண்ணியிருக்க?"

"அவருக்கு ஆயுதமே அதுதானேங்க. பிளாஸ்டிக்ல பொட்டு நிக்கல, அதான் வெளிய எடுத்தேன்" என்றாள்.

துடைத்தோம். சந்தனம் போயிற்று. குங்குமம் இன்னும் ஆழமாக உட்கார்ந்துகொண்டது. அவர் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுக் கண்ணோடு வேறு வருகிறார்.

வந்தார். நாங்கள் எதுவும் சொல்வதற்குள் உறையிலிருந்து படத்தை உருவினார். லென்ஸை எடுத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், முகர்ந்தார்.

"யாரு வெச்சது?"

"நாந்தான் சார்" என்று என் மனைவி அழுகிற நிலையில் சொன்னாள். "பூஜைக்குன்னு வெச்சேன். தப்புதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குங்குமத்தையே பார்த்தார்.

"இந்தப் படம் உலகத்துல எத்தனையோ பேருகிட்ட இருக்கும்மா. மாத்திட்டாங்களோ மாத்திட்டாங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். பொட்டு வெச்சது இது ஒண்ணுதான். இனிமே எவன் மாத்துவான்?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "குங்குமம் ஒரிஜினல்தானே?" என்றார்.

இப்போது பெங்களூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். மாப்பிள்ளை இருக்கிற வீடாயிற்றே, படத்தை எங்களிடமே விட்டுவிட்டார். எங்கள் பிரிண்டரை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

பையனின் ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கு ஜெராக்ஸ் கடைக்கு அலைகிறேன். புதிதாக ஒன்று வாங்குங்களேன் என்கிறாள் மனைவி. வாங்கலாம்தான். ஆனால் அவர் காதுக்குப் போனால் தூக்கம் வராமல் தவிப்பார், பாவம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.