மாடியிடம் கேட்கிறேன்

"இனிமே இந்தக் கையால துடைப்பத்தைத் தொட மாட்டேன்" என்று அப்பா சோபாவில் படுத்தபடியே சபதம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பெருக்குவது அவர் முறை. அதற்கு முடிவு கட்டத்தான் தானாக ஓடிப் பெருக்கும் இயந்திரங்களை வாங்கி வந்திருந்தார். கீழே ஒன்று, மாடியில் ஒன்று. தட்டு மாதிரி இருக்கும். பேசும்.

"சரிங்க, பந்தயம்" என்றாள் அம்மா. "அடுத்த ஞாயிறு கூடத்தை அது பெருக்கி முடிக்கிற வரைக்கும் உங்க கால் தரையில படக் கூடாது. படலைன்னா ஆயுசுக்கும் உங்களுக்கு விடுதலை. பட்டா கீழயும் மாடியும் உங்க தலையில."

"பூ, இவ்வளவுதானா? நான் பழக்கிடறேன் பாரு."

இந்த இயந்திர ஜென்மங்களுக்குப் பாடமே பாராட்டுதான். சரியாகச் செய்தால் "சபாஷ்" சொல்ல வேண்டும், பிசகினால் "தப்பு". தன்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் ஒன்று மற்றதிடம் யோசனை கேட்கும். எது அதிகம் சபாஷ் வாங்கியதோ அது சொல்வதுதான் வேதவாக்கு.

அப்பா பழக்கினார். அதாவது, திட்டினார். "தப்பு. அதுவும் தப்பு. உனக்கெல்லாம் மூளை இருக்கா?" பாவம், மூலை முடுக்கெல்லாம் பெருக்கிவிட்டு வந்து எதிரே நின்றது.

"ஒரு சபாஷ் சொல்லுங்களேன்" என்றேன்.

"சொன்னா தலைக்கு மேல ஏறிக்கும்." என் மார்க்கைப் பார்த்தும் இதேதான் சொல்வார்.

மாடியில் நானும் அம்மாவும் வேறு பள்ளிக்கூடம் நடத்தினோம். நான் கட்டிலில் அப்பாவாக மல்லாந்து, தொண்டையைச் செருமி, அவர் குரலிலேயே, "ஏய், அந்தப் பக்கம் போ" என்பேன். இயந்திரம் விலகினால் அம்மா "தப்பு" என்பாள். விலகாமல் கட்டிலை முட்டிக்கொண்டே நின்றால், "சபாஷ்டா ராஜா". அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

ஞாயிறு வந்தது. அப்பா காலை மடக்கிக்கொண்டு சோபாவில் ராஜா மாதிரி படுத்திருந்தார். அம்மா அன்பொழுக டீ கொடுத்தாள். பிறகு இன்னொரு டீ. கூடம் பாதி முடிந்து இயந்திரம் சோபாவருகே வந்தது.

"ஏய், அந்தப் பக்கம் போ" என்றார் அப்பா.

அது தயங்கியது. "எனக்குத் தெரியவில்லை. மாடியிடம் கேட்கிறேன்."

கேட்டது. சோபாவை முட்ட ஆரம்பித்தது. டொக், டொக், டொக்.

"முட்டட்டும். எனக்கென்ன?"

"அதானே" என்று அம்மா மூன்றாவது டீயை நீட்டினாள். "கால்தான் தரையில படலையே."

சோபாவை விட்டு அது நகர்ந்தால்தானே கூடம் முடியும்? கூடம் முடிந்தால்தானே அவர் இறங்க முடியும்? அப்பா நெளிந்தார். பாத்ரூம் கதவை ஏக்கத்தோடு பார்த்தார். "போடா, செல்லம்ல, போடா" என்று கெஞ்சியும் பார்த்தார்.

டொக்.

ஓடினார். இரண்டு காலும் தரையில்தான்.

வெளியே வந்தபோது பாத்ரூம் வாசலிலேயே அம்மா துடைப்பத்தோடு நின்றாள். அப்பா வாங்கிக்கொண்டார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்?"

"தெரியலைன்னா மாடிகிட்ட கேளுங்க."