பச்சை வாளிப் போராட்டம்

அச்சகத்தில் பிழை திருத்துகிறவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் பிழையாகத்தான் தெரியும். வாசல் கதவில் நகராட்சி ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பைப் படித்ததும் அவருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"'பிறித்துப் போடவும்'! பெரிய 'ற' போட்டிருக்கான்! எழுத்தை ஒழுங்காப் போடத் தெரியாதவன் என்னைக் குப்பையை ஒழுங்காப் போடச் சொல்றான்!"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எழுத்தை விடுங்க. விஷயம் என்ன?"

"காய்கறித் தோல், மிச்சம் மீதி எல்லாத்தையும் தனியாப் பச்சை வாளியில போடணுமாம். அதைத் தொட்டியில ஊறப்போட்டு எரிவாயு எடுத்து, குழாய் வழியா நம்ம அடுப்புக்கே அனுப்புவாங்களாம். கலந்து போட்டா வண்டிக்காரன் தொடமாட்டானாம். வரியையும் கட்டிட்டு வாழைப்பழத் தோலையும் நானே பொறுக்கணுமா?"

"நீங்க என்னைக்குப் பொறுக்கினீங்க? சாப்பிட்ட தட்டுலயே தோலையும் மாத்திரை அட்டையையும் சேர்த்துப் போட்டுட்டு எழுந்திரிக்கிற ஆளு. பொறுக்குறது நான்."

"அது வீட்டு வேலை. இது உரிமைப் பிரச்சினை!"

"மக்குறது ஒரு வாளி, மக்காதது ஒரு வாளி. இதுல என்னங்க உரிமை?"

"என்னை மக்குன்னு நெனச்சியா?"

"சேச்சே. நீங்க மக்காத ரகம்."

அது பாராட்டா, திட்டா என்று பிரித்துப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. அந்த வாரம் முழுக்கக் கொதித்தார். அச்சகத்தில் கொதித்தார், முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு எழுந்து நின்று கொதித்தார். இவர் வாயை ஒரு குழாயில் மாட்டினால் தெருவுக்கே சமையல் ஆகிவிடும் என்றார் மாடிவீட்டுத் தையல்காரர்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் விளக்கக் கூட்டம். "போய்க் கிழிகிழின்னு கிழிக்கப் போறேன்!" என்று அறிவித்துவிட்டு, மனைவி தடுப்பாள் என்று காத்திருந்தார். அவளோ சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தாள்.

"தாராளமாக் கிழிங்க. ஆனா சும்மா கத்தினா எடுபடாது. 'முதல்ல ஒரு ஆம்பளையைக் குப்பையில கை வைக்கச் சொல்லுங்க, அப்புறம் ஊருக்குச் சட்டம் போடுங்க'ன்னு கேளுங்க. வாயடைச்சுப் போயிடுவாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டே அந்தக் கேள்வியை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவர் கட்சிக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

கூட்டத்தில் நகராட்சி அதிகாரி அம்மா, தோல் எப்படி வாயுவாகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தபோதே இவர் துள்ளி எழுந்தார்.

"நிறுத்துங்கம்மா! சட்டம் போடுறது சுலபம். நாத்தத்துல கையை விடுறது யாரு? எங்க வீட்டுப் பொம்பளைங்க! இது அநியாயம் இல்லையா? முதல்ல ஒரு ஆம்பளையைக் குப்பையில கை வைக்கச் சொல்லுங்க! ஒரே ஒரு ஆம்பளை! அப்புறம் ஊருக்குச் சட்டம் போடுங்க!"

கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கைதட்டல். பெண்கள் வரிசையில் யாரோ விசிலே அடித்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அதிகாரி அம்மா கோபப்படவில்லை. சிரித்தார். "நூத்துக்கு நூறு நியாயம் சார். அதுக்குத்தான் தெருவுக்கு ஒரு முன்மாதிரி வீடு. அந்த வீட்டுல குப்பையைப் பிரிக்கிறது கண்டிப்பா வீட்டுக்காரர்தான். இவ்வளவு நியாயம் பேசுறவர் இருக்கும்போது நான் வேற யாரைத் தேட?"

மறுக்க வாயைத் திறந்தார். வாயு மட்டும்தான் வந்தது. அதற்குள் தையல்காரர் அவர் கையைப் பிடித்து உயரத் தூக்கிவிட்டார். இரண்டாவது கைதட்டல் முதலாவதை விடப் பலமாக இருந்தது.

கைக்கு ஒரு வாளியாகத் தூக்கிக்கொண்டு மனைவியோடு வீடு திரும்பும்போது அவர் பொருமினார். "சதி! பச்சைச் சதி! நான் என்ன கேக்கப் போறேன்னு அந்தம்மாவுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு!"

"தெரியாம எப்படிங்க இருக்கும்?" என்றாள் மனைவி. "நீங்க அச்சகத்துல இருந்தப்போ நம்ம வீட்டுக்கு வந்து, அந்தக் கேள்வியை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதானே!"