முப்பத்திரண்டாவது கிளாஸ்

ஐம்பத்திரண்டாவது வயதில் வெங்கடகிருஷ்ணன் டீ குடிக்கத் தொடங்குவதென்று தீர்மானித்தார். ஆசைப்பட்டு எடுத்த முடிவல்ல. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு டம்ளர் காபி அவருக்கு வீட்டிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆபீஸ் என்று ஒன்று இருந்ததுதான் காரணம்.

ஆபீஸ் என்பது பெங்களூர் ஓசூர் ரோட்டில் தண்ணீர் மீட்டர் செய்யும் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் கிடங்குப் பிரிவு. ஊரில் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்கும் கருவிகள் அந்தத் தொழிற்சாலையில் தயாராயின. தயாரானவை பெரும்பாலும் கிடங்கிலேயே தங்கிவிட்டன. தங்கியவற்றை எண்ணவும், எண்ணியதை எழுதவும், எழுதியதைச் சரிபார்க்கவும் முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தினமும் மூன்றரை மணிக்கு டீ கொண்டுவர முப்பத்துமூன்றாவதாக அசோகன் இருந்தார்.

1996-ஆம் ஆண்டு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நாட்டின் பொருளாதாரம் தாராளமாகிவிட்டபடியால் ஒவ்வொரு பிரிவும் தன்னிடமுள்ள உபரி ஊழியர் ஒருவரைக் கண்டறிந்து மாத இறுதிக்குள் பெயர் அனுப்ப வேண்டும். அவருக்கு விருப்ப ஓய்வு அளிக்கப்படும். யாருடைய விருப்பம் என்று சுற்றறிக்கையில் சொல்லவில்லை.

சுற்றறிக்கை வந்த நாலாம் நாள், சாப்பாட்டு நேரத்தில் சின்னப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரேசர் டவுன்காரர், இருபத்தைந்து வருட சிநேகிதர்.

"சாமி, உன் பேரு அடிபடுது."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பு பண்ணியிருந்தா உன்னை யாருன்னு தெரிஞ்சிருக்குமே. நேத்து டீ டைம்ல ராஜேஷ்குமார் ஒவ்வொரு பேரா படிச்சாரு. எல்லாருக்கும் யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்க. உன் பேரு வந்தப்போ, இது யாருன்னாரு."

"நீ அங்கேதானே இருந்தே?"

"இருந்தேன். வாயில டீ இருந்துச்சு."

ராஜேஷ்குமார் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த தர மேலாளர். முப்பது வயது, கழுத்தில் டை. அந்த வருடம் பெங்களூரில் தரம் என்பது மெட்ராஸ் ஐ மாதிரி பரவியிருந்தது. சர்வதேசத் தரச் சான்று பெற்றது என்று பேக்கரி வாசலில்கூட பலகை தொங்கியது. கிடங்குக்கும் அப்படியொரு பலகை வாங்கித் தருவதற்கு வந்தவர் ராஜேஷ்குமார். எதைப் பார்த்தாலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் அம்பு வரைவார்.

மூன்றரை மணிக்குப் பிரிவே ஜன்னல் ஓரம் கூடும். எந்தத் தீர்மானமும் அங்கேதான் நடக்கும். பிறகு நடக்கும் கூட்டங்களில் அதை எழுதிக்கொள்வார்கள். இருபத்தாறு வருடமாக அந்தப் பத்து நிமிடமும் வெங்கடகிருஷ்ணன் தன் இடத்திலேயே லெட்ஜர் பார்த்துக்கொண்டிருந்தார். அது நேர்மையா, கூச்சமா என்று சில சமயம் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு. பதில் வருவதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிடும்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"டீ குடி."

"எனக்குப் பழக்கமில்லையே."

"குடிக்கிறது ரெண்டாம்பட்சம் சாமி. கையில வெச்சுக்க. கிளாஸை விளிம்புல ரெண்டு விரலால பிடி, முழுக்கையால பிடிச்சா ஆஸ்பத்திரிக்கு வந்தவன் மாதிரி இருக்கும். காபி மாதிரி ஆத்தாதே. அண்ணாந்து ஊத்திக்காதே. முதல் வாய் சத்தமா உறிஞ்சு. அப்பத்தான் நீ வந்திருக்கேன்னு தெரியும். மேனேஜர் ஜோக் சொன்னா கிளாஸை வாய்ல வெச்சுக்க, சிரிச்சியா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. நல்லாயிருக்குன்னு மட்டும் சொல்லிடாதே, புதுசுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

"பின்னே என்ன சொல்லணும்?"

"ஸ்ட்ராங் கம்மின்னு சொல்லு. எந்த டீக்கும் அது பொருந்தும்."

அன்று மாலை வெங்கடகிருஷ்ணன் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி அலர்மேல்மங்கை ஃபில்டரைக் கையில் வைத்தபடி திரும்பினாள்.

"டீயா? யாருக்கு உடம்பு சரியில்லை?"

"யாருக்குமில்லை. ஆபீஸ்ல குடிக்கணும். கொஞ்சம் பழகிக்கலாம்னு பார்க்கறேன்."

"இந்த ஆத்துல யாராவது ஜுரத்துல படுத்தால்தான் அந்தப் பொடி உள்ளே வரும். பழகறதுன்னா வெந்நீர் தரேன், பழகிக்கோங்கோ."

ஆகவே கண்ணாடி கிளாஸில் வெந்நீர் வைத்துக்கொண்டு பழகினார். இரண்டு விரல், விளிம்பு, சத்தமாக முதல் வாய். உறிஞ்சும் சத்தம் கேட்டு, இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் வைஷ்ணவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் படித்து முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவர் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக உறிஞ்சினார்.

மறுநாள் நேராக ஜன்னல் ஓரம் போய் ஒரு கிளாஸை எடுத்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வெங்கடகிருஷ்ணன் இருபத்தாறு வருடத்தில் ஒரு பென்சிலைக்கூட எழுதிக் கொடுக்காமல் எடுத்தவரல்ல. மூன்று நகல்களில் ஒரு விண்ணப்பம் எழுதினார்.

"பொருள்: தேநீர் அருந்தத் தொடங்க அனுமதி வேண்டுதல். இந்நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தேநீர் அருந்தாமல் பணியாற்றிவரும் நான், எதிர்வரும் திங்கட்கிழமை முதல் மேற்படி தேநீரை அருந்த விரும்புவதால், தகுந்த ஆணை பிறப்பிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

சின்னப்பா நகலைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கொடுத்துட்டியா?"

"கொடுத்தாச்சு. தபால் பதிவேட்டிலே நம்பர்கூட போட்டாச்சு."

"சும்னே, சும்மா ஒரு கிளாஸ் எடுத்துக் குடிக்கிறதுக்கு நம்பரா? என்ன சாமி நீ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை ராஜேஷ்குமார் வெங்கடகிருஷ்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். அசோகனும் சின்னப்பாவும் ஏற்கெனவே அந்த அறையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீங்கதான் வெங்கடகிருஷ்ணனா? இருபத்தாறு வருஷமா டீயே குடிக்கலையா?"

"இல்லை சார்."

"செக்‌ஷன்ல தர்ட்டி டூ பேர். டெய்லி தர்ட்டி டூ டீ வருது. நீங்க குடிக்கலைன்னா ஒரு டீ மிஞ்சணுமே. அந்த டீ எங்கே?"

இப்படியொரு கேள்வி இருக்கும் என்று வெங்கடகிருஷ்ணனுக்கு அதுவரை தோன்றியதில்லை. ராஜேஷ்குமார் அசோகன் பக்கம் திரும்பினார்.

"ஜன்னல் திட்டுல முப்பத்திரண்டு கிளாஸ் வைக்கிறேன் சார்" என்றார் அசோகன். "முப்பத்திரண்டும் காலியாத்தான் திரும்புது."

சின்னப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் ஃபேன் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. சின்னப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வெங்கடகிருஷ்ணனுக்கு விளங்கிவிட்டது.

வெளியே வந்ததும் கேட்டார்: "நீயா?"

"வீணாப் போவுதேன்னுதான்."

"இருபத்தாறு வருஷமாவா?"

"சேச்சே. முதல்ல சந்தானம் குடிச்சிட்டிருந்தாரு. அவரு ரிட்டையர் ஆனப்புறம் சீனியாரிட்டிப்படி எனக்கு வந்துச்சு." சின்னப்பா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது கிளாஸ் போயிடும்னு தெரிஞ்சுதானே உன்னைக் குடிக்கச் சொன்னேன். அதையும் யோசிச்சுப் பாரு."

வெங்கடகிருஷ்ணன் யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க, தான்தான் நன்றிகெட்டவன் என்று தோன்றியது.

மறுநாள் ஆணை வந்தது. முப்பத்திரண்டாவது தேநீரின் போக்கைக் கண்டறிய ஆறு பேர் கொண்ட தேநீர்ச் செயல்முறை ஆய்வுக் குழு அமைக்கப்படுகிறது. தேநீர் விஷயத்தில் பிரிவிலேயே அனுபவம் மிகுந்தவர் என்பதால் சின்னப்பா அதன் அமைப்பாளராக நியமிக்கப்படுகிறார்.

குழுவில் இருப்பவர்களுக்கு வேலை இருக்கிறது. வேலை இருப்பவர்கள் உபரி அல்லர். இந்த உண்மை பிரிவு முழுவதும் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கிளாஸின் கொள்ளளவை ஆராய ஒரு துணைக்குழு, சர்க்கரைக்கு ஒன்று, ஒரு டீயை இரண்டு கிளாஸில் பகிர்ந்துகொள்ளும் பை-டூ முறைக்கு ஒன்று என்று வார இறுதிக்குள் முப்பத்தொரு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது. அந்தப் பிரிவின் வரலாற்றில் அது முதல் தடவை. வெங்கடகிருஷ்ணனுக்கு டீ தரலாமா என்பதைப் பை-டூ துணைக்குழு விவாதித்தது. அரை டீ குடிப்பவரைப் பதிவேட்டில் குடிப்பவர் என்று எழுதுவதா, குடிக்காதவர் என்று எழுதுவதா என்பதில் கருத்து வேறுபட்டு, இரண்டு அறிக்கைகள் தந்தது.

வெங்கடகிருஷ்ணன் எந்தக் குழுவிலும் இல்லை. அவர் விசாரணையின் சான்று. சான்றை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதன் நிலையும் மாறக்கூடாது. எனவே விசாரணை முடியும்வரை அவர் தேநீர் அருந்தலாகாது. ஜன்னல் திட்டு சம்பவ இடம் என்பதால் அங்கே யாருக்கும் தேநீர் வைக்கலாகாது.

விசாரணைக்கு அவரை உட்காரவைத்து, சின்னப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கேள்விக்குரிய தேநீரைத் தாங்கள் அருந்தினீர்களா?"

"இல்லை."

"அருந்தியவர் யார் என்று தாங்கள் அறிவீர்களா?"

அறிவேன் என்றால் சின்னப்பா வீட்டுக்குப் போவார். அறியேன் என்றால், இருபத்தாறு வருடத்தில் எழுத்துமூலம் சொல்லும் முதல் பொய்யாக அது இருக்கும். சின்னப்பா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

"அந்த நேரத்தில் நான் லெட்ஜர் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

அது உண்மைதான். சின்னப்பா அதை எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, விசாரணை தொடரும் என்று முடித்தார்.

மாத இறுதியில் ராஜேஷ்குமார் பிரிவு முழுவதையும் ஒரே படமாக வரைந்து சுவரில் ஒட்டினார். எல்லாக் கட்டங்களுக்கும் அம்பு வந்தது. ஒன்றுக்கு மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் அம்பு இல்லை. தேநீர் நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால், தேநீர் கொண்டுவருபவருக்கு வேலை இல்லை. பிரிவின் உபரி ஊழியர் அசோகன்.

யாரும் தவறு செய்யவில்லை. எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. வெங்கடகிருஷ்ணன் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, ராஜேஷ்குமாரின் அறைக்குப் போனார்.

"சார், என் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாங்கலாமே. அதுக்கு ஒரு ப்ராசஸ் இருக்கு. ஃபர்ஸ்ட் என்கொயரி முடியணும்."

"எப்போ முடியும் சார்?"

"அது கமிட்டியைக் கேட்கணும். ஆனா உங்களைப் பத்தி நான் கவலைப்படலை. யூனிட்லயே எனக்கு நல்லாத் தெரிஞ்ச பேரு உங்க பேருதான்."

வேலை நிலைத்த செய்தியைக் கேட்ட அலர்மேல்மங்கை பெருமாளுக்கு நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்து காபி கொடுத்தாள். பாதிக்கு மேல் அவரால் குடிக்க முடியவில்லை. அசோகனுக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. தேநீர் நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால் அந்த விழாவில் டீ இல்லை.

இரண்டே வாரத்தில், ஈஜிபுராவிலிருந்து ஒரு தள்ளுவண்டியை உருட்டிவந்து, கேட்டுக்கு எதிரே அசோகன் கடை போட்டார். மூன்றரை மணிக்குப் பிரிவே ரோட்டைக் கடந்தது. ஆய்வுக் குழுவும் துணைக்குழுக்களும் அங்கேயே கூடின. தேநீரைப் பார்க்காமல் தேநீரை விசாரிப்பது எப்படி என்று கேட்டுச் சின்னப்பா குறிப்பு எழுதியிருந்தார். ராஜேஷ்குமாரும் டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

வெங்கடகிருஷ்ணன் பத்து நாள் போகவில்லை. பதினோராம் நாள் ரோட்டைக் கடந்தார்.

"அசோகன், எனக்கும் ஒரு டீ கொடு."

அசோகன் டீயை ஆற்றிக்கொண்டே அவரைப் பார்த்தார். முப்பத்தொரு பேரும் கிளாஸை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"வேணாம் சார்."

"கோபமா? நியாயம்தான்."

"கோபம் என்ன சார். உள்ளே இருந்தப்போ எவனாவது எங்கிட்ட டீ நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கானா? இப்பக் காசு கொடுத்துட்டு சொல்றாங்க." அசோகன் குரலைத் தாழ்த்தினார். "நீங்க குடிச்சீங்கன்னா சான்று போயிரும், விசாரணை முடிஞ்சிரும். முடிஞ்சா கமிட்டி வேலை போயிரும், அடுத்த சுற்றறிக்கைக்கு இவங்கள்ல யாராவது ஒருத்தரு உபரி ஆகணும். உள்ளேயே டீ வந்துரும், அப்புறம் இந்தக் கடைக்கு யாரு சார் வருவாங்க? நீங்க குடிக்காம இருக்கிறதுலதான் எல்லாரும் பொழைக்கிறோம்."

"அதுக்காக நான் சும்மா நிக்கறதா?"

"சும்மா ஏன் நிக்கணும்?" என்று அசோகன் ஒரு கிளாஸில் வெந்நீர் பிடித்து நீட்டினார்.

வெங்கடகிருஷ்ணன் அதை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். சின்னப்பா நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். ராஜேஷ்குமார் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தார். ஏதோ ஜோக்கும் சொன்னார். எல்லோரும் வெங்கடகிருஷ்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழகியது வீண்போகவில்லை. முதல் வாயைச் சத்தமாக உறிஞ்சினார்.

"ஸ்ட்ராங் கம்மி" என்றார்.

முப்பத்தொரு பேரும் தலையாட்டி ஆமோதித்தார்கள்.